குழம்பைப் பாதியில் நிறுத்தி வையுங்கள்: வாரச் சமையலுக்கு ஞாயிற்றுக்கிழமை முன்தயாரிப்பு

ஞாயிற்றுக்கிழமையே நாலைந்து குழம்பு வைத்து டப்பாவில் அடைத்துவிட்டால் வாரம் முழுக்கச் சூடாக்கிச் சாப்பிடலாம் என்றுதான் பலர் ஆரம்பிக்கிறார்கள். புதன்கிழமைக்குள் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். ஃப்ரீசரில் வைத்த உருளைக்கிழங்கு பொடிப்பொடியாக உதிரும், தேங்காய்ப்பால் திரிந்து நிற்கும், கத்தரிக்காய் இருந்த இடம் தெரியாது. அதனால் முழுக் குழம்பை வைக்க வேண்டாம். நேரத்தைத் தின்னும் முதல் பாதியை மட்டும் செய்துவையுங்கள். காய், மீன், பால், புளி சேரும் கடைசி இருபது நிமிடத்தை அன்றன்றைக்கு விட்டுவிடுங்கள். ருசியும் புதிதாக இருக்கும், கெடுவதும் குறையும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட், பாகாவ் போன்ற தோட்டப்புற ஊர்களில் ரப்பர் பால்வெட்டு, செம்பனை வேலையோடு ஃபேக்டரி ஷிப்டும் சேர்ந்துகொண்டது. விடியும் முன்பே ஒருவர் பஸ் ஏறுகிறார். இன்னொருவர் ஈப்போவுக்கு மோட்டாரில் கிளம்புகிறார். பிள்ளைகளையும் காலையிலேயே தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியாக வேண்டும். இங்கே சொல்லும் அளவுகள் ஐந்து பேர் உள்ள வீட்டுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை போதும். செய்ய வேண்டியவை ஐந்து: அரைத்த மாவு, வேகவைத்த பருப்பு, வெங்காய வதக்கல், சம்பல் என்னும் மிளகாய் விழுது, மசாலா பிசைந்த கோழி.

மாவு: நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற நேரம்

தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகள் மாவை இரவில் அரைத்து விடியும்வரை விடச் சொல்லும். அங்கே மார்கழிக் குளிருக்கு அது சரி. இங்கே இரவிலும் வீட்டுக்குள் 26, 27 டிகிரி இருக்கும். பகலில் 32ஐத் தொடும். இரவு ஒன்பதுக்குக் கரைத்து வைத்த மாவு காலை ஐந்துக்குள் பொங்கி மேசையில் வழிந்து, புளிப்பும் ஏறிவிடும். அதனால் பகலில் அரையுங்கள். மதியம் ஒன்றரைக்குக் கரைத்தால் இரவு எட்டரை, ஒன்பதுக்குள் பொங்கிவிடும். கண் முன்னால் பொங்குவதால், சரியான பதத்தில் ஐஸ் பெட்டிக்குள் (ஃப்ரிட்ஜ்) தள்ளிவிட்டுப் படுக்கலாம்.

அளவு: இட்லி அரிசி 800 கிராம், தோல் நீக்கிய முழு உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, உப்பு 25 கிராம். கிரைண்டருக்கு இந்த நாலுக்கு ஒன்று கணக்கு சரி. மிக்ஸியில் அரைப்பதானால் உளுந்து அவ்வளவு பொங்காது, மூன்றுக்கு ஒன்று போடுங்கள். அரிசி புழுங்கல் அரிசியாக இருக்க வேண்டும். சோற்றுக்கு வாங்கும் உள்ளூர் வெள்ளை அரிசி பச்சரிசி; அதை மட்டும் போட்டால் இட்லி கல்லாகும். தோசைக்கு மட்டும் என்றால் கால் பங்கு சேர்க்கலாம், மொறுமொறுப்பு வரும்.

காலை எட்டு மணிக்கு அரிசியையும் வெந்தயத்தையும் ஊறப் போடுங்கள். உளுந்துக்கு ஒரு மணி நேரமே போதும், பதினொன்றரைக்குப் போடுங்கள். ஊறவைத்த பாத்திரத்தை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, அந்த நீரையே ஊற்றி அரைப்பது நல்லது. அரைக்கும்போது மாவு சூடேறாமல் இருப்பதுதான் முக்கியம். சூடேறிய உளுந்து மாவில் காற்று நிற்காது.

முதலில் உளுந்து. ஒன்றரை முதல் இரண்டு கப் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஓட விடுங்கள். ஒரு சொட்டு மாவை நீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். எவ்வளவு அரைத்தும் மிதக்கவில்லை என்றால் உளுந்து பழசு, கடையை மாற்றுங்கள். அடுத்து அரிசி, 20 முதல் 25 நிமிடம். விரலில் தேய்த்தால் சன்ன ரவை மாதிரி நெருட வேண்டும். இரண்டையும் உப்போடு சேர்த்து அடிவரை கலக்குங்கள். குளிர் ஊரில் உப்பைப் பிறகு போடுவார்கள், ஏனென்றால் உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். நமக்கு அந்தத் தாமதமே வேண்டும், அதனால் முன்பே போட்டுவிடுங்கள்.

ஏறக்குறைய மூன்று லிட்டர் மாவு கிடைக்கும். நாலு லிட்டர் சட்டி இரண்டில் பாதிக்கும் கீழே நிற்கும்படி பிரித்து ஊற்றுங்கள். மாவைப் பொங்கவைப்பவை உளுந்திலேயே ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள். லியூகோநாஸ்டாக் என்பது அவற்றில் முக்கியமானது. அது வெளிவிடும் வாயுவைப் பிடித்து வைக்கும் பசைதான் உளுந்து. ஈஸ்ட்டோ சோடாவோ தேவையில்லை.

இரவு பார்க்கும்போது மாவு ஒன்றரை மடங்காவது ஏறி, மேலே சிறு கொப்புளங்கள் தெரிந்தால் போதும். முழு இரண்டு மடங்குக்குக் காத்திருக்க வேண்டாம், ஐஸ் பெட்டிக்குள் போன பிறகும் உள்ளே குளிரும்வரை பொங்கிக்கொண்டுதான் இருக்கும். முதல் சட்டியைக் கரண்டி போடாமல் அப்படியே வையுங்கள், அது திங்கள் காலை இட்லிக்கு. கலக்கிவிட்டால் காற்று போய் இட்லி சப்பையாகும். ஆவி வந்த பிறகு தட்டை வைத்து 10 முதல் 12 நிமிடம். இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு எடுங்கள். ஒட்டிக்கொண்டு பிய்கிறது என்றால் சூட்டோடு எடுத்திருக்கிறீர்கள். இரண்டாவது சட்டி தோசைக்கு. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் கல்லில் இழுபடாது, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

பருப்பு

துவரம்பருப்பு 400 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. ஐந்து லிட்டர் குக்கரில் நடுத்தரத் தீயில் நாலைந்து விசில், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். உப்பும் புளியும் தக்காளியும் இப்போது வேண்டாம். புளிப்பு சேர்ந்தால் பருப்பு குழையாது. எண்ணெய் விடுவது நுரையை அடக்க. நுரை பொங்கி விசில் குழாயை அடைத்தால் ஆவி போக வழியில்லாமல் குக்கர் ஆபத்தாகிவிடும். பருப்பு வேகவைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

மசித்து நாலு டப்பாவாகப் பிரியுங்கள். ஒன்று சாம்பாருக்கு, ஒன்று ரசத்துக்கு, ஒன்று கீரைக் கூட்டுக்கு, ஒன்று தோசைக்கோ சப்பாத்திக்கோ பருப்புக்கறிக்கு. முதல் இரண்டு ஐஸ் பெட்டியில், மற்ற இரண்டு ஃப்ரீசரில். பருப்பு உறைந்து உருகினாலும் குணம் மாறாது.

வெங்காய வதக்கல்: இதில் அவசரப்படாதீர்கள்

வாரநாள் மாலையில் கறி வைக்க ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் அதில் பாதி நேரம் வெங்காயம் வதங்கக் காத்திருப்பது. அதை ஒரே தடவையில் முடித்துவிடலாம்.

பெரிய வெங்காயம் 1 கிலோ, தக்காளி 500 கிராம், பூண்டு 60 கிராம், எண்ணெய் 200 மில்லி, கறிவேப்பிலை நாலு கொத்து, உப்பு ஒரு தேக்கரண்டி. இஞ்சி சேர்க்க வேண்டாம். மீன் கறிக்கு இஞ்சி பொருந்தாது என்று நினைக்கும் வீடுகள் நிறைய. இஞ்சி பூண்டு விழுதைத் தனியாக அரைத்து ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால், கோழிக்கும் இறைச்சிக்கும் மட்டும் இரண்டு கட்டி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கறித்தூளையும் இதில் போடக் கூடாது. மீனுக்கு ஒரு தூள், இறைச்சிக்கு ஒரு தூள், இப்போதே போட்டுவிட்டால் வதக்கல் ஒரே கறிக்குத்தான் ஆகும்.

வெங்காயத்தைச் சன்னமாக நறுக்குங்கள். மிக்ஸியில் அடித்துப் போடுவது வேகம்தான், ஆனால் நீர்த்துத் தெறிக்கும், அடிபிடிக்கும், கசப்பும் தட்டும். அடி கனமான குவாலியில் எண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, வெங்காயம், உப்பு. முதல் பத்து நிமிடம் பெரிய தீ. உப்பு நீரை வெளியே இழுக்கும், அந்த நீர் வற்ற வேண்டும். பிறகு தீயைக் குறைத்து, பூண்டைத் தட்டிப் போட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை அடியைச் சுரண்டிக் கிளறுங்கள். இன்னும் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வெங்காயம் சுருண்டு, தேன் நிறம் வந்து, கரண்டியால் அழுத்தினால் மசியும். அந்த இடத்தில்தான் தக்காளி. முன்பே போட்டால் தக்காளியின் புளிப்பு வெங்காயத்தை மசியவிடாது. எவ்வளவு நேரம் கிளறினாலும் குழம்பில் நறுக் நறுக்கென்று பல்லில் அகப்படும். தக்காளி கரைந்து ஓரத்தில் எண்ணெய் கசியும்போது இறக்கிவிடுங்கள். ஓரத்தில் கருப்பு விழுந்துவிட்டால் கருகியதை எடுத்து எறியுங்கள். கிளறிக் கலந்துவிட்டால் வாரம் முழுக்கக் கசக்கும்.

ஆறியதும் தராசில் வைத்து 150 கிராமாக ஆறு பங்கு. பிளாஸ்டிக் பையில் போட்டுத் தட்டையாக அழுத்தி ஃப்ரீசரில் அடுக்குங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், வேண்டும்போது உடைத்து நேராக எண்ணெயில் போடலாம். ஒரு பங்கு அரைக் கிலோ கோழிக்கோ மீனுக்கோ சரியாக இருக்கும்.

சம்பல்

காய்ந்த மிளகாய் 50 கிராம், சின்ன வெங்காயம் 250 கிராம், பூண்டு ஐந்து பல், பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் கட்டி) 15 கிராம், எண்ணெய் 150 மில்லி, கெட்டியான புளிக்கரைசல் மூன்று மேசைக்கரண்டி, குலா மலாக்கா (தென்னை வெல்லம்) 30 கிராம், உப்பு. மிளகாயைக் கத்தரியால் வெட்டி விதையை உதறி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பெலாச்சானை வெறும் சட்டியில் உதிரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். மிளகாய், வெங்காயம், பூண்டு மூன்றையும் நீருக்குப் பதில் அளந்த எண்ணெயில் கொஞ்சம் ஊற்றி அரையுங்கள். நீர் குறைந்தால் வதக்கும் நேரமும் குறையும்.

மிதமான தீயில் 30 முதல் 40 நிமிடம். எண்ணெய் பிரிந்து சிவப்பாக மேலே நிற்பதைத்தான் மலாய்க்காரர்கள் பெச்சா மிஞ்ஞாக் என்பார்கள். அதற்கு முன்னால் இறக்கினால் மிளகாயின் பச்சை வாடை போகாது, நீர் மிச்சமிருப்பதால் இரண்டு மூன்று நாளில் புளித்தும் விடும். எண்ணெய் பிரிந்த பிறகு பெலாச்சான், புளி, குலா மலாக்கா, உப்பு. இன்னும் பத்து நிமிடம். பாட்டிலில் மேலே எண்ணெய் மூடி நிற்க, ஐஸ் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் ஃப்ரீசர்.

வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி விரதம் என்று பார்க்கும் வீட்டில் பெலாச்சான் போடும் முன்பே கால் பங்கை எடுத்துத் தனிப் பாட்டிலில் வையுங்கள், அதற்குத் தனிக் கரண்டி. பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அந்தப் பங்குக்குப் புளியும் உப்பும் தனியாகச் சேர்த்தால் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) சம்பல், தாஹு (டோஃபு) சம்பல் எதற்கும் ஆகும்.

மசாலா பிசைந்த கோழி

1.2 கிலோ கோழியை வெட்டி, நீரை நன்றாக வடித்து, இறைச்சிக் கறித்தூள் மூன்று மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி போட்டுப் பிசையுங்கள். இரண்டு பையாகப் பிரித்துத் தட்டையாக ஃப்ரீசரில் வையுங்கள். சமைக்கும் நாளுக்கு முந்திய இரவு ஒரு பையை ஐஸ் பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள், அடியில் ஒரு தட்டு வைத்து. பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது வேண்டாம். உள்ளே கட்டியாக இருக்கும்போதே வெளிப்பக்கம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பில் கிடக்கும்.

பரட்டலுக்கு: எண்ணெயில் பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஒரு துண்டு ரம்பை இலை, இரண்டு கட்டி இஞ்சி பூண்டு, ஒரு பங்கு வெங்காய வதக்கல், ஒரு மேசைக்கரண்டி கறித்தூளை நீரில் குழைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கிளறல். தூளை அப்படியே எண்ணெயில் கொட்டினால் நொடியில் கருகும், அதற்குத்தான் குழைப்பது. பிறகு கோழி, அரைக் கப் நீர், மூடி 20 நிமிடம், திறந்து வற்றவிடல். எல்லாம் சேர்ந்து 35 நிமிடம்.

ஆறவைத்தல்

வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதிலிருந்து 5 டிகிரிக்குப் போகும்வரை கிருமிகள் பெருகும் நேரம். இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும். 32 டிகிரிக்கு மேல் உள்ள மதியத்தில் ஒரு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். பெரிய சட்டியில் மூடிவைத்த பருப்பு நடுவில் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். அகலத் தட்டுகளில் மூன்று விரல்கடை உயரத்துக்குள் பரப்பி, மூடாமல், காற்றாடிக்குக் கீழே வையுங்கள். அவசரமென்றால் சட்டியை ஐஸ் நீர் உள்ள பேசினில் இறக்கிக் கிளறுங்கள், இருபது நிமிடத்தில் ஆறும்.

இரவு கறியை ஒரு கொதி கொதிக்கவைத்து அடுப்பிலேயே மூடிவிட்டால் கெடாது என்ற பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஐஸ் பெட்டி இல்லாத லயத்து வீட்டில் வேறு வழி இருக்கவில்லை. இன்று அது தேவையில்லாத ஆபத்து. இறைச்சிக் கறியில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ், சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் இரண்டும் வித்து வடிவில் கொதிநிலையைத் தாங்கும். ஆறும்போது முளைத்துப் பெருகும். சோற்றில் பேசில்லஸ் உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. மிஞ்சிய சோற்றில் நாளை நாசி கோரேங் (வறுத்த சோறு) போடுவதானால், இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு தட்டில் பரப்பி ஆற்றி உள்ளே வையுங்கள். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று மேசையில் விட்ட சோறு நாசி கோரேங்குக்கு ஆகாது.

சம்பல் தவிர, ஐஸ் பெட்டியில் வைத்த சமைத்த உணவுக்கு மூன்று, நாலு நாள். ஃப்ரீசரில் மூன்று மாதம் வரை நல்ல ருசி. ஒவ்வொரு டப்பாவிலும் டேப் ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஃப்ரீசரில் எல்லாச் சிவப்புக் கட்டியும் ஒரே மாதிரி இருக்கும்.

வைக்கக் கூடாதவை

மீனை அன்று வாங்கி அன்று போடுங்கள்; வதக்கல் தயாராக இருந்தால் மீன் கறிக்கு இருபத்தைந்து நிமிடம் போதும். தேங்காய்ப்பாலைக் குழம்போடு உறையவைக்க வேண்டாம். பசாரில் தேங்காய் திருகும்போது ஓடு ஒட்டிய பழுப்பு வராமல் வெள்ளைத் துருவலாகக் கேட்டு வாங்கி, ஒரு கப் அளவுப் பைகளில் உறையவைத்தால் சட்னிக்கும் பாலுக்கும் ஆகும். அரைத்த தேங்காய்ச் சட்னி அந்த வேளைக்கு மட்டும். கங்கோங், முருங்கைக்கீரை, பாயம் என்று எந்தக் கீரையையும் கழுவி வைக்காதீர்கள், ஈரத்தோடு இருந்தால் மறுநாளே அழுகும். தாளில் சுற்றி வையுங்கள். அவித்த முட்டை உறைந்தால் வெள்ளைக்கரு ரப்பராகும், சம்பல் முட்டைக்கு அன்றைக்கு அவியுங்கள்.

கருவிகள்

இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் இந்த மாவு அளவுக்குப் போதும். கோயம்புத்தூரில் வாங்கி வருபவர்கள் மின்னழுத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், இரு நாட்டிலும் 50 ஹெர்ட்ஸ்தான், 230 வோல்ட் கருவி இங்கே ஓடும். அங்குள்ள உருண்டை முள் பிளக்கை மட்டும் வெட்டி, ஃபியூஸ் உள்ள நம் மூன்று முள் பிளக்கை ஒரு எலக்ட்ரீஷியனை விட்டு மாட்டுங்கள். மிக்ஸி மட்டும் உள்ளவர்கள் ஐஸ் நீர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தி அரையுங்கள்.

குக்கரின் ரப்பர் வளையம்தான் முதலில் போகும். பக்கவாட்டில் ஆவி கசிந்து விசில் வராமல் இழுத்தால் வளையம் தளர்ந்துவிட்டது என்று பொருள். கழுவியதும் அதைக் கழற்றிக் காயவையுங்கள், மூடியைக் குக்கரில் இறுக்கிப் பூட்டி வைக்காதீர்கள். பாதுகாப்பு வால்வு உருகிப் போனால் அதே கம்பெனியின் வால்வை மட்டும் போடுங்கள். எடை பார்க்க ஒரு சின்ன டிஜிட்டல் தராசு கட்டாயம். ஐஸ்கிரீம் டப்பாவில் ஆறிய பொருளை வைக்கலாம். சூடான கறிக்கு அது ஆகாது, எவர்சில்வர் தூக்குச்சட்டி நல்லது.

வாரம் எப்படிப் போகும்

திங்கள் காலை இட்லி, முதல் டப்பாப் பருப்பில் சாம்பார். அதில் ஒரு பங்கு வதக்கல் போட்டால் பதினைந்து நிமிடம். செவ்வாய் மாலை கோழிப் பரட்டல், ரசம். புதன் சம்பலில் முட்டையோ வறுத்த நெத்திலியோ, பக்கத்தில் கங்கோங். வியாழன் மீன் கறி, காலையில் தோசை. ஃப்ரீசரில் உள்ள பருப்பு இரண்டையும் வியாழன் இரவே ஐஸ் பெட்டிக்கு இறக்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கீரைக் கூட்டு, பெலாச்சான் படாத சம்பலில் தெம்பே, பருப்புக்கறி. எதைச் சூடாக்கினாலும் நடுப்பகுதி வரை தளதளவென்று கொதிக்க வேண்டும். சூடாக்கி மிஞ்சியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். இரண்டாவது கோழிப் பை அடுத்த வாரத்துக்கும் நிற்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் மாவு புளித்திருக்கும். தோசை வெளுத்தே நிற்கிறது என்றால் ஒரு தேக்கரண்டி சீனி கலந்து ஊற்றுங்கள், நிறம் பிடிக்கும். இல்லையென்றால் வெங்காயம், பச்சை மிளகாய் தூவி ஊத்தப்பம். அந்தப் புளிப்பு அதற்கு எடுப்பாக இருக்கும். மாவின் மேல் சாம்பல் நிற நீர் நின்றால் வடித்துவிட்டுக் கலக்கலாம். இளஞ்சிவப்போ கருப்போ புள்ளி தெரிந்தால், மேலே மட்டும் வழித்துவிட்டுப் பயன்படுத்தாமல் சட்டியோடு கொட்டிவிடுங்கள்.